கால் வளையுற குட்டிக்கு டி3 ஊசி போதுமா? கால்நடை கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வியெல்லாம் பாத்தா தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பன்னி வளர்க்கிறவங்க கேட்டதுதான் ஜாஸ்தி, அதுவும் எல்லாமே கால், எலும்பு, டி3ங்கற வைட்டமின் டி ஊசி, டிசிபிங்கற டைகால்சியம் பாஸ்பேட் தீவன உப்பு இத சுத்தியே இருக்கு. அதனால மாடு, ஆடு கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்: டாக்டரம்மா வணக்கம்ங்க. வெண்பன்னி வளர்க்கிறேன், 30 கிலோ 35 கிலோ தேறின குட்டிங்க ஒரு கொட்டில் நிறைய இருக்கு. கொஞ்ச நாளா ஒவ்வொண்ணா முன்னங்கால் வளையுது, முட்டி போட்டுத்தான் தொட்டில தின்னுது, எழுப்பினா கத்துது. தீவனக்கடைல கேட்டதுக்கு கால்சியம் பத்தலன்னாரு, 100 கிலோவுக்கு 2 கிலோ போட்டுட்டு இருந்த சுண்ணாம்புக்கல் தூள 3 கிலோ ஆக்கிட்டேன். டி3 ஊசியும் போட்டாச்சு. தீவனம் மக்காச்சோளம் 40, கிழங்கு திப்பி 20, அரிசித் தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 15. வெயிலும் நல்லா படுது. அப்புறமும் ஏன் இப்படி?

பதில்: தீவனக் கணக்க கிலோ கிலோவா எழுதி அனுப்புனீங்க பாருங்க அண்ணா, அதுக்கு ரொம்ப நன்றி, அது இருந்தாத்தான் பதில் சொல்ல முடியும். நீங்க எழுதினத வச்சுப் பாத்தா உங்க குட்டிங்களுக்கு குறைச்சல் வைட்டமின் டி இல்ல, பாஸ்பரஸ். இன்னும் சரியா சொல்லணும்னா குட்டி உடம்புல சேர்ற பாஸ்பரஸ்.

கணக்கு போட்டுப் பாப்போம். மக்காச்சோளத்துல பாஸ்பரஸ் 0.28 சதவீதம், 40 கிலோவுல 112 கிராம். அரிசித் தவிட்டுல சுமார் 1.5 சதவீதம், 25 கிலோவுல 375 கிராம். கடலைப் புண்ணாக்குல 0.6 சதவீதம்னு வச்சா 90 கிராம். திப்பில பேருக்குத்தான் இருக்கு, விட்டுடலாம். மொத்தம் 577 கிராம், அதாவது 0.58 சதவீதம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 2012-ல போட்ட அட்டவணைல 25 கிலோலருந்து 50 கிலோ வரைக்கும் உள்ள பன்னிக்கு மொத்த பாஸ்பரஸ் 0.56 சதவீதம் வேணும்னு இருக்கு, அப்ப பேப்பர்ல பாத்தா உங்க தீவனம் பாஸ். ஆனா தானியத்துலயும் தவிட்டுலயும் இருக்கற பாஸ்பரஸ்ல மூணுல ரெண்டு பங்கு பைட்டேட்ங்கற வடிவத்துல கட்டுண்டு கிடக்கு, அத உடைக்கற பைட்டேஸ் என்சைம் பன்னி குடல்ல போதுமான அளவு கிடையாது, மாட்டுக்கு பிரச்சன இல்ல, அதோட இரைப்பைல இருக்கற நுண்ணுயிரு உடைச்சுக் குடுத்துடும், பன்னிக்கு அந்த வசதி இல்ல, அப்படியே சாணத்துல போயிடும். ஆக 0.58-ல உங்க குட்டிக்கு செரிக்கறது சுமாரா மூணுல ஒரு பங்கு, 0.19 சதவீதம். அதே அட்டவணைல செரிக்கற பாஸ்பரஸ் 0.31 சதவீதம் வேணும்னு இருக்கு. உங்க துண்டு அங்கதான் விழுது.

அதுக்கு மேல 3 கிலோ சுண்ணாம்புக்கல் தூள். அதுல கால்சியம் 38 சதவீதம், அப்ப தீவனத்துல கால்சியம் 1.2 சதவீதம் ஆயிடுச்சு, வேண்டியது 0.66 தான். இந்த அதிகப்படி கால்சியம் சும்மா இருக்காது, குடல்ல பைட்டேட்டோட சேர்ந்து கரையாத உப்பா மாறி, வந்துட்டு இருந்த கொஞ்ச நஞ்ச பாஸ்பரஸையும் கெடுத்துடும். கால் வளைஞ்சா கால்சியம்னு சொல்றது நம்ம பக்கம் ரொம்ப வேரூன்றின பழக்கம், தப்பான எண்ணத்துல யாரும் சொல்லல, ஆனா எலும்பு கால்சியம் மட்டும் கிடையாது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு எலும்புல உக்காராது.

இப்ப டி3 ஊசிக்கு வாங்க. வைட்டமின் டி தோல்ல வெயில் பட்டு உண்டானாலும் சரி ஊசில வந்தாலும் சரி, அப்படியே வேலை செய்யாது. முதல்ல ஈரலுக்குப் போய் ஒரு மாத்தம் ஆகும், அப்புறம் சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாத்தம் ஆகி கால்சிட்ரியால்ங்கற ஹார்மோனா வரும், அதுதான் குடல்லருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இழுக்கறது. தீவனத்துல பாஸ்பரஸ் குறைஞ்சா சிறுநீரகம் தானாவே இந்த ரெண்டாவது மாத்தத்த முடுக்கி விட்டுடும், பன்னிகள்ல செஞ்ச ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க, பாஸ்பரஸ் குறைவான தீவனம் தின்ன பன்னியோட ரத்தத்துல கால்சிட்ரியால் ஏறும். அதாவது உங்க குட்டி உடம்பு ஏற்கனவே அதால முடிஞ்ச அளவுக்கு டி-ய வேலை வாங்கிட்டு இருக்கு. பத்து கொத்தனாரக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாலும் செங்கல் லோடு வரலன்னா சுவர் எழும்பாது, அதுதான் அங்க நடக்குது. ஊசி மேல ஊசி போட்டா எலும்பு கூடாது, அளவு மீறினா கால்சியம் சிறுநீரகத்துலயும் ரத்தக்குழாய்லயும் போய் படியும். தீவனத்துல டி3 கிலோவுக்கு 2,200 யூனிட்டுக்கு மேல ரெண்டு மாசத்துக்கு மேல தொடர்ந்து போகக்கூடாதுன்னு அமெரிக்க கவுன்சில் 1987-லயே எல்லை சொல்லியிருக்கு, உங்க சைஸ் குட்டிக்கு தேவையே 150 யூனிட் அளவுதான். அதனால ஊசிய இன்னையோட நிறுத்துங்க.

செய்ய வேண்டியது இதுதான். சுண்ணாம்புக்கல் தூள 3 கிலோலருந்து 1 கிலோவா குறைங்க, தீவனத் தர டிசிபி 100 கிலோவுக்கு 1 கிலோ சேருங்க. டிசிபில பாஸ்பரஸ் 18 சதவீதம், கால்சியம் 23 சதவீதம் இருக்கும், அந்த பாஸ்பரஸ்ல நூத்துக்கு எண்பது செரிக்கும். கூட்டிப் பாத்தா செரிக்கற பாஸ்பரஸ் 0.33, கால்சியம் 0.67, ரெண்டும் கணக்குக்கு வந்துடுது. நீங்க தாது உப்பு கலவையும் போடறதா இருந்தா மூட்டைல எழுதியிருக்கற பாஸ்பரஸ் அளவ பாத்துட்டு டிசிபிய குறைச்சுக்கோங்க. திப்பி நம்ம பக்கம் ஜவ்வரிசி ஆலைலருந்து மலிவா வருது, எனக்கும் தெரியும், ஆனா அதுல புரதமும் இல்ல தாதுவும் இல்ல, வளர்ற குட்டிக்கு 20 கிலோ ஜாஸ்தி, பாதியாக்குங்க. புண்ணாக்கு பூசணம் புடிச்சிருந்தா கண்டிப்பா வேண்டாம், அந்த நஞ்சு ஈரல அடிக்கும், டி-யோட முதல் மாத்தம் நடக்கறதே ஈரல்லதான்.

ஒரு விஷயம், கால் நொண்டறதெல்லாம் பாஸ்பரஸ் குறைவுன்னு நான் சொல்லல, மூட்டுல கிருமி ஏறினாலும் குளம்பு வெடிச்சாலும் நொண்டும். நீங்களே ஒண்ணு செஞ்சு பாக்கலாம், குட்டியப் படுக்கப் போட்டு விலா எலும்ப விரலால மேலருந்து கீழ தடவிட்டே வாங்க, எலும்பு முடிஞ்சு குருத்தெலும்பு ஆரம்பிக்கற இடத்துல உருண்டை உருண்டையா முடிச்சு வரிசையா கையில தட்டுப்பட்டா அது எலும்புருக்கிதான், ரிக்கெட்ஸ்னு சொல்ற எலும்பு மெத்துப்போற நோய். கறிக்கு வெட்டற பன்னி இருந்தா விலா எலும்ப ஒடிச்சுப் பாருங்க, நல்ல எலும்பு பட்டுன்னு சத்தத்தோட ஒடியும், இது ஒடியாம வளைஞ்சு குடுக்கும். மூட்டு வீங்கி சூடா இருந்தா தீவனக் கணக்கோட நிக்காம பக்கத்து கால்நடை மருந்தகத்துல காமிங்க.

வளைஞ்ச காலு எல்லாக் குட்டிக்கும் முழுசா நிமிரும்னு என்னால சொல்ல முடியாது, வலி குறைஞ்சு எழுந்து நின்னு தின்ன ஆரம்பிக்கும், புதுசா வர்ற குட்டிக்கு இது வராது.

கிருஷ்ணகிரியிலிருந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர்: மேடம், பாஸ்பரஸ் குறைஞ்சா கால்சிட்ரியால் ஏறும்னு படிச்சோம், ஆனா சிறுநீரகத்துக்கு பாஸ்பரஸ் குறைஞ்சது எப்படி தெரியும்? பாராதைராய்டு ஹார்மோன் வழியாவா? இன்னொண்ணு, ரத்தத்துல கால்சிட்ரியால் ஏறியிருக்கற பன்னிக்கு எலும்புருக்கின்னா அத எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: நல்ல கேள்வி தம்பி, சின்னதா முடிக்க முடியாது. கால்சியம் குறைஞ்சா கழுத்துல இருக்கற பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன் ஏறி சிறுநீரகத்துல கால்சிட்ரியால் செய்யற 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்சைம முடுக்கும், இது ஒரு வழி, இது எல்லாருக்கும் தெரியும். பாஸ்பரஸ் குறைவுல நடக்கறது வேற வழி. சொல்லப்போனா அப்ப கால்சிட்ரியால் ஏறி குடல்லருந்து கால்சியம் நிறைய வர்றதால ரத்தக் கால்சியம் கொஞ்சம் ஏறிதான் இருக்கும், பாராதைராய்டு ஹார்மோன் இறங்கிடும், அப்பவும் கால்சிட்ரியால் ஏறியே நிக்கும். பாராதைராய்டு சுரப்பிய எடுத்துட்ட எலிகள்லயும் பாஸ்பரஸ் குறைச்சா கால்சிட்ரியால் ஏறுறத பாத்தாங்க, அப்பவே இதுக்கு வேற ஒரு தகவல்காரன் இருக்கணும்னு சந்தேகம் வந்துடுச்சு.

கால்சிட்ரியால் சிறுநீரகத்துலதான் உண்டாகுதுன்னு 1970-ல கேம்பிரிட்ஜ்ல ஃப்ரேசரும் கோடிசெக்கும் காமிச்சாங்க, அடுத்த வருஷமே அதோட ரசாயன அமைப்பும் தெரிஞ்சுபோச்சு. ஆனா பாஸ்பரஸ் சேதிய எலும்புலருந்து சிறுநீரகத்துக்கு கொண்டுபோற எஃப்ஜிஎஃப்23-ங்கற ஹார்மோன் 2000-லதான் கிடைச்சது. நடுவுல 30 வருஷம். எலும்புக்குள்ள இருக்கற ஆஸ்டியோசைட் செல்லுதான் அத சுரக்கறது. பாஸ்பரஸ் ஜாஸ்தியானா எஃப்ஜிஎஃப்23 ஏறும், சிறுநீரகத்துல க்ளோத்தோங்கற புரதத்தோட சேர்ந்து மூணு வேல பண்ணும், சிறுநீர்ல பாஸ்பேட்ட வெளிய தள்ளும், 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ அமுக்கும், கால்சிட்ரியால சிதைக்கற 24-ஹைட்ராக்சிலேஸ ஏத்தும். பாஸ்பரஸ் குறைஞ்சா எஃப்ஜிஎஃப்23 இறங்கும், மூணும் தலைகீழா மாறும், அதனாலதான் செய்யற என்சைம் கூடி சிதைக்கற என்சைம் குறைஞ்சு கால்சிட்ரியால் ரெண்டு பக்கத்துலருந்தும் ஏறுது. சிறுநீரகம் கெட்டுப்போன மனுஷங்களுக்கு பாஸ்பரஸ் சாப்பாட்ட குறைக்கச் சொல்றாங்க இல்லையா, அங்கயும் இதே எஃப்ஜிஎஃப்23 கத தான் ஓடுது.

இந்த விஷயத்துல பன்னி நமக்கு பெரிய பாடம் சொல்லிக் குடுத்திருக்கு. ஜெர்மனில ஹனோவர்ல ஒரு பன்னி வம்சம் இருந்துச்சு, பொறக்கும்போது நல்லா இருக்கும், சில வாரம் கழிச்சு எலும்புருக்கி வந்து படுத்துடும், சாதாரண அளவு வைட்டமின் டி குடுத்தா எழுந்திருக்காது, கால்சிட்ரியால் குடுத்தா எழுந்திருக்கும். அந்த 1-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்சைமுக்கான மரபணுவே அதுங்களுக்கு பழுது, குழந்தைங்களுக்கு பரம்பரையா வர்ற ஒரு வகை எலும்புருக்கியும் இதேதான். பொறந்த சில வாரம் ஏன் நல்லா இருக்குன்னு கேட்டா, பால் குடிக்கற குட்டிக்கு கால்சியமும் பாஸ்பரஸும் குடல்ல ஏற கால்சிட்ரியால் அவ்வளவா தேவைப்படறதில்ல, அது பிற்பாடுதான் அவசியமாகுது. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பால் மறந்த பிறகு கால் வளைய ஆரம்பிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது கேள்விக்கு: உடம்புல வைட்டமின் டி இருப்பு எவ்வளவுன்னு தெரியணும்னா கால்சிட்ரியால பாக்காதீங்க, அது ஒவ்வொரு நாள் தேவைக்கும் ஏறி இறங்கற ஹார்மோன். ஈரல்ல உண்டாகற 25-ஹைட்ராக்சி டி-ய பாக்கணும். கூடவே ரத்தத்துல பாஸ்பரஸ், கால்சியம், எலும்பு நோய்ல ஏறற அல்கலைன் பாஸ்படேஸ்ங்கற என்சைம் மூணும். 25-ஹைட்ராக்சி டி சரியா இருந்து, பாஸ்பரஸ் இறங்கி, கால்சியம் சரியாவோ கொஞ்சம் மேலயோ நின்னு, அல்கலைன் பாஸ்படேஸ் ஏறி இருந்தா பாஸ்பரஸ் குறைவு. 25-ஹைட்ராக்சி டி-யே கீழ இருந்தா அப்ப டி குறைவு, அங்க ஊசிக்கு வேலை இருக்கு, முழுக்க கூரைக்குள்ளயே வளர்ற குட்டிங்களுக்கு அது வரலாம்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி: டாக்டரம்மா, எங்க தாய்ப்பன்னி பத்து குட்டி போட்டு நல்லா பால் குடுத்துச்சு, குட்டி பிரிச்ச மறுநாளே பின்னங்கால இழுத்துட்டு படுத்துடுச்சு. கால்சியம் பாட்டில் ஏத்தினாங்க, எழுந்திருக்கல. ஓட்டல் சாப்பாடும் தவிடும்தான் போட்டேன்.

பதில்: அக்கா, படிச்சதும் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. பன்னிப் பால்ல லிட்டருக்கு சுமார் 2 கிராம் கால்சியமும் 1.5 கிராம் பாஸ்பரஸும் போகுது, பத்து குட்டிக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர் சுரந்தா 16 கிராம், 12 கிராம் அன்னாடம் வெளிய போயிட்டு இருக்கு. தீவனத்துலருந்து வரலன்னா தாய் தன் எலும்பக் கரைச்சுத்தான் குடுக்கும். தவிட்டுல கால்சியம் 0.1 சதவீதம்கூட கிடையாது, பாஸ்பரஸ் இருந்தும் பைட்டேட்டுல மாட்டிக்கிட்டு இருக்கு, ஓட்டல் சோத்துல ரெண்டுமே கம்மி. இதுல முதல்ல கால்சியம் குறைஞ்சு பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்ப அரிச்சிடும், கூடவே டி-யும் எவ்வளவு வேலை செஞ்சாலும் குடல்ல இழுக்க சரக்கு இல்ல.

முதல்ல பாக்க வேண்டியது இடுப்பு எலும்போ முதுகெலும்போ ஒடிஞ்சிருக்கான்னு. பின்னங்கால் குளம்புக்கு நடுவுல அழுத்திக் கிள்ளிப் பாருங்க, காலே இழுக்கலன்னா, வலிக்கு எந்த அசைவும் இல்லன்னா தண்டுவடம் அடிபட்டிருக்கும், அதுக்கு பாட்டில் எத்தன ஏத்தினாலும் பலன் கிடையாது, டாக்டர வரவச்சு வலி இல்லாம முடிக்கறதுதான் அந்த உசுருக்கு செய்யற நல்லது. கால இழுத்துச்சுன்னா இன்னும் நம்பிக்க இருக்கு, வைக்கோல் நிறைய பரப்பி, பக்கம் மாத்தி மாத்தி படுக்க வச்சு, டிசிபியும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த நல்ல தீவனம் வாய்கிட்ட வச்சு குடுங்க.

மத்த தாய்ப்பன்னிங்கள காப்பாத்தணும்னா பால் குடுக்கறப்ப மட்டும் இல்லாம சினைல இருக்கறப்பவே தாது உப்பு போடணும். தாய்ப்பன்னிக்கு வைட்டமின் டி தேவையும் வளர்ற குட்டிய விட ஜாஸ்தி, கிலோ தீவனத்துக்கு 800 யூனிட், தினம் கொஞ்ச நேரம் வெளிய திறந்த இடத்துல விட்டாலே நம்ம ஊர் வெயிலுக்கு பெரும்பகுதி கிடைச்சிடும், நிழலும் பக்கத்துல இருக்கணும், வெள்ளத் தோலு சீக்கிரம் வெந்துடும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: டிசிபி விலை ஏறிடுச்சு மேடம். உரக்கடைல ராக் பாஸ்பேட் சல்லிசா கிடைக்குது, அதுலயும் பாஸ்பரஸ்தானே, கலக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்ங்க, யார் சொன்னாலும் கலக்காதீங்க. பச்ச ராக் பாஸ்பேட்ல 100-க்கு 2-லருந்து 4 பங்கு ஃபுளோரைடு இருக்கும். 3 பங்குன்னு வச்சு 100 கிலோ தீவனத்துல 1 கிலோ கலந்தா தீவனத்துல கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஃபுளோரைடு, பன்னி தாங்கற எல்லையே 150 தான். அதுவும் நம்ம மாவட்டத்துல! குடிதண்ணில ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழி இல்லன்னா 1.5 வரைக்கும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது, பென்னாகரம் பக்கம் எத்தன போர் தண்ணி அத தாண்டுதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, பிள்ளைங்க பல்லு பழுப்பேறி பெரியவங்க முதுகு வளைஞ்சு எத்தன குடும்பம் கஷ்டப்பட்டுச்சு, அதுக்காகத்தானே ஜப்பான் நிதியுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்து 2013-ல தொடங்கி வச்சாங்க. வீட்டுக்கு காவேரி தண்ணி வந்துடுச்சு, ஆனா கொட்டிலுக்கு இன்னும் போர் தண்ணிதான. அந்த தண்ணியோட இந்த கல்லுப் பொடியும் சேர்ந்தா ஃபுளோரைடு எலும்புல ஏறி, கால் வளையறத சரி பண்ணப் போய் புதுசா ஒரு எலும்பு நோய உண்டாக்கும். அதுல இருக்கற பாஸ்பரஸும் குடல்ல சரியா கரையாது, அதனால காசும் வீண்.

சூப்பர் பாஸ்பேட், டிஏபி எதுவும் தீவனம் இல்ல, உரம். டிசிபி வாங்கும்போதும் மூட்டைல தீவனத் தரம்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. செலவ குறைக்கணும்னா அடுத்த கேள்வியோட பதில படிங்க.

கெலமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: பைட்டேஸ் பாக்கெட் வாங்கினா டிசிபிய குறைக்கலாம்னு சொல்றாங்க. நான் ஓசூர் ஓட்டல் கழிவு கொண்டுவந்து தவிடு, மக்காச்சோள மாவு போட்டு காய்ச்சிதான் ஊத்தறேன், அந்த அண்டாலயே போட்டுடலாமா?

பதில்: குறைக்கலாம், ஆனா கொதிக்கற அண்டால போடக்கூடாது, சூட்டுல என்சைம் செத்துடும். தவிட்டுல இயற்கையா இருக்கற கொஞ்ச பைட்டேஸும் காய்ச்சினா போயிடும். ஓட்டல் கழிவ மட்டும் தனியா நல்லா கொதிக்க விட்டு, ஒரு மணி நேரம் கிளறிக்கிட்டே காய்ச்சுங்க, அத மட்டும் விட்டுடாதீங்க, 2020-ல இந்தியாவுக்குள்ள வந்த ஆப்பிரிக்க பன்னிக் காய்ச்சல் இந்த மாதிரி கழிவு வழியாவும் பரவும். அப்புறம் ஆற வச்சு, கைய விட்டா சுடாத பதத்துல தவிடு, மாவு, பைட்டேஸ் கலந்து ஊற விட்டு ஊத்துங்க.

கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் பைட்டேஸ் போட்டா சுமார் 0.1 சதவீதம் பாஸ்பரஸ் விடுபடும், அதாவது 100 கிலோவுக்கு அரைக் கிலோவுக்கு மேல டிசிபிய குறைச்சுக்கலாம். இது முதல்ல 1991-ல நெதர்லாந்துல விற்பனைக்கு வந்துச்சு, அங்க பன்னிச் சாணத்துல போற பாஸ்பரஸ் மண்ணையும் தண்ணியையும் கெடுத்து அரசு கட்டுப்பாடு போட்டதாலதான் இது வேகமா பரவுச்சு. கால்சியத்த கொட்டினா இந்த என்சைமும் சரியா வேலை செய்யாது, சுண்ணாம்புக்கல் தூள் கணக்கா இருக்கணும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: எங்க வீட்ல ராகி நிறைய விளையுது, மட்ட ராகிய பன்னிக்குப் போடலாமா?

பதில்: போடலாம்மா, தாராளமா. 100 கிராம் ராகில 350 மில்லிகிராம் அளவுக்கு கால்சியம் இருக்கு, மக்காச்சோளத்துல அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. பாஸ்பரஸ் மட்டும் இதுலயும் பைட்டேட்டுலதான் மாட்டியிருக்கு, அதனால முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டு, முடிஞ்சா துணில கட்டி முளை விடவச்சு அரைச்சுப் போடுங்க, முளைக்கும்போது ராகியே பைட்டேஸ உண்டாக்கிக்கும். மக்காச்சோளத்துல பாதி வரைக்கும் எடுத்துட்டு ராகி வைக்கலாம், அப்ப சுண்ணாம்புக்கல் தூள கொஞ்சம் குறைச்சுக்கோங்க, டிசிபிய குறைக்காதீங்க.